சிந்தும் சோறும் சிக்கும் கொட்டையும்

பாண்டியன் அறிவுடைநம்பி அரசன், புலவனும் ஆவான். புறநானூற்றின் 188-ஆம் பாட்டு அவன் பாடியது. எத்துணைச் செல்வம் குவிந்திருந்தாலும், பலரோடு அமர்ந்து உண்ணும் பெருவாழ்வு வாய்த்திருந்தாலும், வீட்டில் ஒரு குழந்தை இல்லையேல் அவ்வாழ்வில் பயனில்லை என்பது அப்பாட்டின் கருத்து. மக்கட்பேற்றின் அருமையைச் சொல்ல வந்த அரசன் குழந்தையின் முகத்தழகையோ மழலையையோ எடுத்துக்கொள்ளவில்லை. அது சோறு தின்னும் கோலத்தை எடுத்துக்கொண்டான். தளர்ந்த அடியிட்டு வருகின்றது, கையை நீட்டுகின்றது, கலத்துச் சோற்றை அள்ளித் தரையில் போடுகின்றது, தடவிப் பார்க்கின்றது, வாயில் வைத்துக் கடிக்கின்றது, விரலை விட்டுக் கலக்குகின்றது, இறுதியில் நெய்ச்சோற்றைத் தன் உடம்பெல்லாம் பூசிக்கொள்கின்றது. குழந்தை கையிட்டுக் குழப்பிய கூழ் பெற்றோர்க்கு அமுதத்தினும் சுவை மிக்கது என்று திருவள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் கூறினார்.

இப்பாட்டைப் பாடம் நடத்துவோர் பெரும்பாலும் பிள்ளையன்பு என்ற அளவில் பொருள் கூறி முடித்துவிடுகின்றனர். ஆனால் அது அன்பு மட்டும் அன்று. கூர்ந்து நோக்கியவன் எழுதிய குறிப்பும் ஆகும். அரசன் சொன்ன செயல்களுள் ஒன்றேனும் கற்பனை அன்று. ஓராண்டு நிறைந்த எந்தக் குழந்தையின் முன்னும் ஒரு தட்டுச் சோற்றை வைத்துப் பார்த்தால் அவை அத்தனையும் நடைபெறும். ஜாசினிலும் நடைபெறும், மெர்லிமாவிலும் நடைபெறும்.

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகள் இருந்த காலத்தில் குழந்தை சிந்திய சோறு ஒரு பொருட்டாக எண்ணப்படவில்லை. தரை சிமெந்து, வாசலில் கோழி. ஒரு குடம் தண்ணீரில் குழந்தையும் தூய்மையாகும், திண்ணையும் தூய்மையாகும். இன்று ரப்பர் மரங்கள் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டன. குடும்பங்கள் பலவும் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. பத்து பெரண்டாமிலோ ஆயர் குரோவிலோ ஆலை வேலை முடித்துக் களைத்து வரும் தாய்க்கு, பளிங்குத் தரையில் ஒட்டிய பருக்கையும் நாற்காலி மெத்தையில் தேய்த்த பருப்பும் சினத்தை மூட்டுகின்றன. ‘ஒழுங்காகச் சாப்பிடக் கற்றுக்கொடுக்க வேண்டும்’ என்று அவள் எண்ணுகின்றாள். குழந்தையின் கையைத் தட்டிவிட்டுத் தானே ஊட்டத் தொடங்குகின்றாள். குழந்தை ஓடுகின்றது, பின்னாலேயே கிண்ணத்தோடு பாட்டியும் ஓடுகின்றாள்.

தவறு இங்கேதான் நிகழ்கின்றது. சிந்துவது தீங்கன்று; தொண்டையில் சிக்குவதே தீங்கு. பல வீடுகளில் சிந்துவதைத் தடுக்கச் செய்யும் முயற்சியே சிக்குவதற்கு வழி வகுக்கின்றது.

சிந்துவதன் பொருளை முதலில் காண்போம். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜான் பியாஜே தம் மூன்று குழந்தைகளையும் நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதியவர். அக்குறிப்புகளைக் கொண்டு குழந்தையின் அறிவு பிறக்கும் வகையை விளக்கி 1936-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அனைவரும் அவர் பெயரை அறிவர். அவருடைய மகன் லோரான் பிறந்து பத்து மாதமான பொழுது, கையில் கிடைத்த பொருள்களைத் திரும்பத் திரும்பக் கீழே விட்டான். ஒரே வகையாக விடவில்லை. கையை ஒரு முறை மேலே உயர்த்தி, ஒரு முறை பக்கவாட்டில் நீட்டி, விழும் இடம் மாறுகின்றதா என்று பார்த்தான். நாற்காலியிலிருந்து கரண்டியைப் போட்டுவிட்டு எட்டிப் பார்க்கும் குழந்தை குறும்பு செய்வதாகத் தாய் நினைக்கின்றாள். அது விழுதலை ஆராய்கின்றது. சோற்றைப் பிசைவதும் அவ்வாறே. எது வழுக்கும், எது ஒட்டும், எது பற்களுக்கு இணங்கும் என்பதைக் கை முதலில் அறிந்து வாய்க்குச் சொல்கின்றது. தானே தொட்டுத் தானே வாயில் இடும் குழந்தை தன் வாய் கொள்ளும் அளவை விரைவில் கற்றுக்கொள்கின்றது. பிறர் கையால் ஊட்டப்படும் குழந்தைக்கு அந்த அளவு பிறர் கையிலேயே இருக்கின்றது.

இதற்காகப் பானையைக் கவிழ்க்கவும் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. தரையில் பழைய செய்தித்தாளோ மெழுகுத்துணியோ விரித்து, தட்டில் இரண்டு மூன்று கவளம் மட்டும் வைத்தால் சிந்துவதும் இரண்டு மூன்று கவளமே. குழந்தை உண்பதை விட்டு எறியத் தொடங்கிவிட்டால் பசி தீர்ந்தது என்று பொருள், தட்டை எடுத்துவிடலாம். சினந்து எடுக்க வேண்டுவதில்லை.

பசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிறக்கும்பொழுது மூன்று கிலோ எடையுள்ள குழந்தை முதலாண்டு முடிவில் ஏறத்தாழ ஒன்பது கிலோ ஆகின்றது. இரண்டாம் ஆண்டில் கூடுவதோ இரண்டு அல்லது இரண்டரைக் கிலோதான். வளர்ச்சியின் விரைவு குறையும்பொழுது பசியும் குறைவது இயற்கை. இதனை அறியாத பாட்டிமார், ‘போன வருஷம் நல்லாச் சாப்பிட்ட பிள்ளை, யார் கண் பட்டதோ!’ என்று கலங்கி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகின்றனர். சுற்றிப் போடுவதோடு நின்றால் தீமை ஒன்றும் இல்லை. அதன் பின்னர் வலிந்து ஊட்டத் தொடங்குவதே தீமை. அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் என்பார் 1920-களில் பால் மறந்த குழந்தைகளின் முன் பலவகை எளிய உணவுகளை வைத்து, எதைத் தின்பது, எவ்வளவு தின்பது என்பதை அவர்களிடமே விட்டார். செவிலியர் கெஞ்சவும் கூடாது, தடுக்கவும் கூடாது. குழந்தைகள் கையாலும் உண்டனர்; சிந்தவும் செய்தனர்; ஒரு நாள் கூடவும் ஒரு நாள் குறையவும் தின்றனர்; நன்றாக வளர்ந்தனர். வைக்கப்பட்டவை அனைத்தும் நல்லுணவுகளே என்பதையும் மறத்தலாகாது. முறுக்கையும் மிட்டாயையும் நடுவில் வைத்துவிட்டுக் குழந்தையின் விருப்பத்துக்கு விடுவது அந்த ஆராய்ச்சி அன்று.

இனி, அஞ்ச வேண்டியவற்றைக் காண்போம்.

வாயின் பின்புறத்தில் இரண்டு குழல்கள் தொடங்குகின்றன. முன்னது மூச்சுக்குழல், பின்னது உணவுக்குழல். விழுங்கும்பொழுது குரல்வளை மேலெழுந்து, அதன் மூடி சாய்ந்து, மூச்சுவழி அடைபடுகின்றது. அந்தக் கணத்தில் மூச்சு நிற்கும். சிரித்தாலோ அழுதாலோ ஓடியாடி இளைத்தாலோ மூச்சு நில்லாமல் உள்ளே இழுக்கப்படும்; வாயில் உள்ளதும் அதனோடு செல்லும். ஒன்றிரண்டு வயதுக் குழந்தையின் மூச்சுக்குழலோ அதன் சுண்டுவிரல் பருமனே இருக்கும். முன்பற்கள் வந்துவிட்டால் கடிக்க முடியும், அரைக்க முடியாது. முதற் கடைவாய்ப்பற்கள் 13 முதல் 19 மாதத்துக்குள் தோன்றுகின்றன. அடுத்தவை இரண்டு வயதை ஒட்டியே வருகின்றன. நன்றாக மென்று விழுங்கும் திறம் நான்கு வயதளவில்தான் நிரம்புகின்றது. கடலையைக் கடித்து இரண்டாக்கி, அரைக்க மாட்டாமல் வாயில் உருட்டிக்கொண்டிருக்கும் வயது இதுவே. ஆதலால் முழுக்கடலை வகைகளை ஐந்து வயது வரை கொடுத்தலாகாது என்று மருத்துவர் கூறுவர்.

மலாக்காவில் இதற்கெனத் தனிப் பருவமே உண்டு. ரம்புத்தான், டூக்கு, லங்சாட், மாத்தா கூச்சிங் பழங்கள் வீட்டுக்கு வீடு கூடை கூடையாக வரும் நாள்களில், பெரியோர் வாசலில் உட்கார்ந்து உரித்துத் தின்கின்றனர். குழந்தை ஒவ்வொருவரிடமும் கை நீட்டுகின்றது. அன்புடையார் ஒருவர் தோலை உரித்து முழுச்சுளையாக வாயில் வைத்துவிடுகின்றார். வழுக்கும் சதையும் உள்ளே வழவழப்பான கொட்டையும் கொண்ட அந்த உருண்டையைவிடக் குழந்தையின் தொண்டைக்குப் பொருந்தாத பொருள் வேறில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களில் சிறு உறுப்புகள் இருத்தலாகாது என்ற விதி அமெரிக்காவில் 1980 முதல் நடைமுறையில் உள்ளது. மூன்றே கால் சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த குறுக்களவுள்ள ஒரு குப்பிக்குள் முழுதும் அடங்கும் பொருள் ஆகாது என்பது அதன் அளவுகோல். ரம்புத்தான் கொட்டை அக்குப்பிக்குள் எளிதில் அடங்கும். பொம்மைக்குச் சட்டம் உண்டு. பழத்துக்கு யார் சட்டம் இயற்றுவார்? கொட்டையை நீக்கிச் சதையைச் சிறுசிறு துண்டுகளாகக் கிள்ளித் தருவதே வீட்டுச் சட்டம். திராட்சையை நீளவாட்டில் நான்காக நறுக்க வேண்டும். மீன் உருண்டையையும் அவ்வாறே. குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே நிற்கும். அடைப்புக்கு அதுவே போதும்.

சிறு கிண்ணங்களில் அடைத்து விற்கும் கொன்யாக்கு ஜெல்லியையும் இங்கே சேர்க்க வேண்டும். உறிஞ்சி விழுங்கும் அப்பண்டம் வாயில் கரையாது. குழந்தைகள் மூச்சடைத்து இறந்ததால் 2001-இல் அமெரிக்க அரசு எச்சரிக்கை விடுத்தது. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் விற்பனையை நிறுத்தியது.

பண்டத்தைப் போலவே இருக்கையும் முதன்மையானது. தோட்டங்களில் தாய்மார் விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் காலத்தில், குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டனர். ஓர் ஆயா, பல குழந்தைகள். ஒவ்வொரு குழந்தையின் பின்னும் கிண்ணத்தோடு ஓட அவளுக்குக் கால்களும் இல்லை, பொழுதும் இல்லை. உட்காரவைத்து, குழைத்த சோற்றைக் கொடுப்பதே அவளுக்கு எளிதாயிருந்தது. கொட்டகையின் குறைகள் பல. ஆயின் இந்த ஒன்றில் அவள் செய்தது இன்றைய மருத்துவர் சொல்வதுதான். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து, கால்கள் ஊன்றி, எதிரே ஒருவர் பார்த்திருக்க உண்ண வேண்டும். படுத்தபடியும் நடந்தபடியும் ஓடும் வண்டியிலும் உண்ணுதல் ஆகாது. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குக் குழந்தையைத் தோளில் தூக்கிச் செல்வோர், கூட்டத்தில் அதன் அழுகையை அடக்கக் கச்சாங் பூத்தே பொட்டலத்தைக் கையில் கொடுத்தல் கூடாது; தோளில் இருக்கும் குழந்தையின் முகம் தூக்கியவருக்குத் தெரியாது.

நிலாச்சோறு ஊட்டும் வழக்கம் பற்றிச் சிலர் மனத்தில் ஐயம் எழலாம். இடுப்பில் இருக்கும் குழந்தை அம்புலியை அண்ணாந்து பார்க்கும்பொழுது ஒரு வாய் ஊட்டிவிடுவது தமிழ்த் தாயின் பழைய உத்தி. அண்ணாந்த நிலை விழுங்குவதற்கு ஏற்றதன்று, உண்மை. அந்தச் சோறு விரலால் மசித்துக் குழைத்த சோறாதலால் கேடு நேரவில்லை. இன்று நிலவின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. மசித்த சோற்றின் இடத்தில் பொரித்த கோழித்துண்டு நிற்கின்றது. படத்தில் ஆழ்ந்த குழந்தை மெல்ல மறக்கின்றது. நிலவு பேசாது, ஊட்டும் தாய்தான் பேசுவாள். தொலைபேசி வந்த பின் இருவரும் பேசுவதில்லை.

எல்லாவற்றிலும் கொடியது வலிந்து ஊட்டல். மடியில் கிடத்தி, கால்களை இடுக்கி, மூக்கைப் பிடித்து, அழுகையில் வாய் திறக்கும் நேரம் பார்த்துக் கஞ்சியைப் பாலாடையால் ஊற்றும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அழும் குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்பொழுது கஞ்சியும் நுரையீரலுக்குச் செல்கின்றது. இம்முறையில் எண்ணெய் புகட்டுவதால் நுரையீரல் அழற்சி உண்டாவதைத் தென்னிந்திய மருத்துவர் பலகாலம் கண்டுள்ளனர்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தரையில் பரப்பி உண்ணும் வீடுகளில் ரசப் பானையும் தேநீர்க் குவளையும் குழந்தையின் கைக்கு எட்டும் தொலைவில் இருத்தலாகாது. சுட்டுவிட்டால் ஓடும் குழாய்நீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையும் கீச்சாப்பும் தடவுதல் கூடாது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது.

இனித் தமிழாசிரியர்க்கு உரிய செய்தி ஒன்று. தொண்டையில் நேரும் இடர்களுக்குத் தமிழில் வெவ்வேறு சொற்கள் உள்ளன. விக்கல் வேறு, ஓங்கரிப்பு வேறு, புரையேறுதல் வேறு, அடைப்பு வேறு. புரை என்பதற்கு உட்டுளை என்னும் பொருள் உண்டு. வேறு துளையில் ஏறிற்று என்பதையே அச்சொல் காட்டுகின்றது. உடற்கூற்று நூல் படியாத மக்கள் ஆக்கிய சொல் எவ்வளவு பொருத்தம்! ஆயின் பேச்சில் இவையெல்லாம் இன்று ஒன்றாகக் குழம்பிவிட்டன. இக்குழப்பம் மொழிக்குற்றமாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

குழந்தை பெரிய கவளத்தை நாவால் வெளியே தள்ளி, கண்ணில் நீர் வர ‘ஓ’ என்று குமட்டுவது ஓங்கரிப்பு. அது காவல், பழகும் குழந்தைக்கு அடிக்கடி வரும். பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இருமலோடு முகம் சிவந்து, இடையே அழவும் செய்தால் அது புரையேறல். மூச்சு இன்னும் போய்வருகின்றது. நன்றாக இருமவிட வேண்டும். ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். நினைப்பவர் இருக்கட்டும், உச்சியில் தட்டுவதால் தொண்டைக்குப் பயன் ஒன்றும் இல்லை. அடைப்பு என்பது ஓசையற்றது. குழந்தைக்கு இருமவும் அழவும் இயலாது, வாய் திறந்திருக்கும், ஒலி வாராது, உதடு நீலம் பாரிக்கும். குழந்தை ‘சத்தம் போடாமல்’ இருப்பதாக அடுத்த அறையில் இருப்போர் மகிழும் அந்த நேரமே கேடு நிகழும் நேரம். மூச்சு நின்ற நான்கு நிமிட அளவில் மூளை கெடத் தொடங்கும். தோட்டத்திலிருந்து ஜாசினுக்கோ அலோர் காஜாவுக்கோ மலாக்கா நகருக்கோ எந்த வண்டியும் நான்கு நிமிடத்தில் போய்ச் சேராது. ஆகவே செய்ய வேண்டியதை அருகில் இருப்பவரே செய்ய வேண்டும்.

ஓராண்டு கடந்த குழந்தையாயின் முன்புறம் சாய்த்துப் பிடித்து, இரண்டு தோட்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். பொருள் வெளிவரவில்லையேல் குழந்தையின் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலும் மார்பெலும்புக்குக் கீழுமாக ஒரு கை முட்டியை வைத்து, மற்றொரு கையால் அதனைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை வெடுக்கென்று அழுத்த வேண்டும். வயிற்றை அழுத்தும் இம்முறையை 1974-இல் வெளியிட்டவர் ஹென்றி ஹைம்லிக் என்னும் அமெரிக்க மருத்துவர். தட்டலும் அழுத்தலும் ஐந்தைந்தாக மாறி மாறித் தொடர வேண்டும். ஓராண்டு நிறையாத குழந்தைக்கு வயிற்றை அழுத்துதல் கூடாது. முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கி, தலை தாழ்ந்திருக்க முதுகில் ஐந்து தட்டு. பின்னர் மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்தல். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடுதல் இருவகையார்க்கும் ஆகாது. விரல் அதனை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். உடனிருக்கும் மற்றொருவர் 999-ஐ அழைக்க வேண்டும். குழந்தை நினைவிழந்தால் தரையில் கிடத்தி, மார்பை அழுத்தி மூச்சூட்டும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். பொருள் வெளிவந்து குழந்தை சிரித்தாலும், வயிறு அழுத்தப்பட்டிருந்தால் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

எல்லா அடைப்பும் அந்தக் கணத்திலேயே வெளிப்படுவதில்லை. கடலைப் பருப்பு மூச்சுக்குழலைத் தாண்டி நுரையீரலின் கிளைக்குழல் ஒன்றில் போய் அமர்வதுண்டு. முதலில் ஓர் இருமல் வந்து அடங்கிவிடும், வீட்டாரும் மறந்துவிடுவர். கடலையின் எண்ணெய் உட்சுவரை உறுத்தி வீங்கச் செய்யும். சில நாள் கழித்து இளைப்பும் காய்ச்சலும் தோன்றும். சளி என்று மருந்து கொடுப்பர். குறைந்து மீண்டும் வரும். 1897-இல் ஜெர்மனியில் குஸ்தாவ் கில்லியன் என்னும் மருத்துவர் ஓர் உழவரின் மூச்சுக்கிளையில் சிக்கிய பன்றி எலும்பைக் குழாய்க் கருவியால் பார்த்து எடுத்தார். அறுவையின்றி எடுக்கும் முறை அவ்வாறு தொடங்கிற்று. அவர்க்குப் பின் வந்த செவாலியர் ஜாக்சன், தம் வாழ்நாளில் நோயாளரின் தொண்டையிலிருந்தும் மூச்சுவழியிலிருந்தும் எடுத்தவற்றுள் 2,374 பொருள்களைச் சேர்த்து வைத்தார். ஊசி, பொத்தான், நாணயம், கடலை, எலும்பு ஆகிய அவை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இன்றும் உள்ளன. கருவி இருந்தும் மருத்துவர்க்குத் துப்பு வேண்டும். ‘பத்து நாளுக்கு முன்பு கடலை தின்னும்போது இருமினான்’ என்று தாயோ பாட்டியோ சொல்லும் ஒரு சொல்லே அத்துப்பு.

அந்தக் கடலையை வாயில் இட்டவர் பெரும்பாலும் தாயும் அல்லர், பாட்டியும் அல்லர். எட்டு ஒன்பது வயது அக்காளோ அண்ணனோ ஆவர். பள்ளி விட்டு வந்ததும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொள்ளும் அச்சிறுமி, தான் தின்பதில் பாதியை அவனுக்குக் கொடுப்பதையே அன்பு என்று அறிந்திருக்கின்றாள். அவள் தமிழ்ப்பள்ளியின் மாணவி. தாமானில் இருக்கும் பாட்டியை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் பேசுவது அரிது. மாணவி நாள்தோறும் வகுப்பில் அமர்ந்திருக்கின்றாள். ரம்புத்தான் காலத்துக்கு முந்திய வாரத்தில் ஒரு பாடவேளை போதும். ஒரு தலையணையைக் குழந்தையாக வைத்துத் தோட்பட்டைகளுக்கு நடுவே எங்கே தட்டுவது என்று காட்டலாம். ஓங்கரிப்பு, புரையேறல், அடைப்பு என்னும் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதி, எதில் ஓசை உண்டு, எதில் இல்லை என்று கேட்கலாம்.